எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது?

வெள்ளகோவிலிலும் முத்தூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருந்துகொண்டு ஸ்டாண்ட்-அப் காமெடி மேடை ஏற ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு,



தறிக்குடோனில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், நூல் மில்லுக்குப் போகிறவர்கள், காங்கேயத்துக்கும் ஈரோட்டுக்கும் காலேஜ் பஸ் ஏறுகிறவர்கள் என்று உங்களில் பல வகை உண்டு. கேள்வி மட்டும் ஒன்றுதான்: "இதைக் கத்துக்க என்ன புத்தகம் படிக்கலாம்?" யூடியூபும் அமேசான் பிரைமும் கைக்குள்ளேயே இருக்கும்போது புத்தகத்தைத் தேடுகிறீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் பெயர்களை வரிசையாக எழுதிப் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாங்கக் கூடாதது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தொங்கும் 'ஆயிரம் ஜோக்குகள்' வகைப் புத்தகங்களைத் தொடாதீர்கள். டாக்டர்-நோயாளி, வாத்தியார்-மாணவன், மாமியார்-மருமகள் ஜோக்குகளை யார் சொன்னாலும் அவை அதே ஜோக்குகள்தான். ஸ்டாண்ட்-அப்பில் சனங்கள் டிக்கெட் எடுத்து வந்து உட்காருவது, சொல்கிற ஆளுக்காக. நீங்கள் யார், எந்த வீட்டுப் பிள்ளை, எதைக் கண்டால் உங்களுக்குக் கோபம் வரும், எதற்குப் பயப்படுவீர்கள் என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்தாக வேண்டும். தொகுப்பு ஜோக்கில் அதற்கு இடமே கிடையாது. 2005-ல் விஜய் டிவியில் தொடங்கிய 'கலக்கப்போவது யாரு' எத்தனையோ சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு மேடைத் தைரியத்தைக் கொடுத்தது. அந்த மேடையில் மிமிக்ரிக்குப் பெரிய இடம் இருந்தது. 2020-ல் பிரைமில் வந்த 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' வேறு வகை. அங்கே அவரவர் சொந்தக் குரலில், சொந்தச் சங்கதியைப் பேசியாக வேண்டும். நீங்கள் ஆசைப்படுவது இந்த இரண்டாவது வேலைக்கு என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கட்டுமானம் சொல்லித்தரும் புத்தகம் ஒன்று கட்டாயம் வேண்டும். நல்லவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அதற்காகத் தயங்காதீர்கள். கிரெக் டீன் எழுதிய 'ஸ்டெப் பை ஸ்டெப் டு ஸ்டாண்ட்-அப் காமெடி' 2000-ல் வந்தது. ஜூடி கார்ட்டர் 1989-ல் 'ஸ்டாண்ட்-அப் காமெடி: த புக்' எழுதினார், பிறகு 2001-ல் 'த காமெடி பைபிள்'. இரண்டு பேரையும் படிக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் வேண்டாம். டீன் கணக்கு வாத்தியார் மாதிரி. கேட்பவர் மனத்தில் ஒரு கதையை ஓடவிடு, அவர் தானாக ஒன்றை நம்பிக்கொள்வார், அந்த நம்பிக்கையை ஒரே போடாக உடை என்பார். கார்ட்டர் ஆரம்பிப்பது உங்கள் மனநிலையிலிருந்து. எது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, எது விசித்திரமாக, எது பயமாக, எது முட்டாள்தனமாகத் தெரிகிறது என்று கேட்டு, அந்த உணர்ச்சியோடு பேசச் சொல்வார். பேசிக்கொண்டே அந்த ஆளாக மாறி நடித்துக் காட்டவும் சொல்வார். முதலில் டீன், ஆறேழு மாதம் கழித்துக் கார்ட்டர் என்பது என் யோசனை.

வெறும் கோட்பாடாகச் சொன்னால் பிடிபடாது, நம் ஊர்ச் சரக்கிலேயே பார்ப்போம். தறி ஓட்டுகிற அப்பாவைப் பற்றி ஒரு தம்பி இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்:

"எங்கப்பா தறி ஓட்டறவருங்க. தறிச் சத்தத்துல கத்திக் கத்திப் பேசி அப்படியே பழகிட்டாரு. ஊட்டுலயும் சத்தமாத்தான் பேசுவாரு. ஒருக்கா எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப அவரு சொன்ன ரகசியம் எல்லாத்துக்கும் கேட்டுப்போச்சு."

இதில் சங்கதி இருக்கிறது, சிரிப்பு இல்லை. ரகசியம் கேட்டுவிட்டது என்பதை நாமே சொல்லிவிட்டோம், கேட்பவர் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. டீன் சொல்வதை வைத்துப் பார்த்தால், 'ரகசியம் என்றால் ஒருத்தர் காதோடு நிற்கும்' என்பதுதான் கேட்பவர் தானாக நம்பிக்கொள்வது. அதை உடைக்கும் சொல் கடைசியில் வர வேண்டும், அதுவும் வேறொருவர் வாயிலிருந்து. திருத்தி எழுதுவோம்:

"எங்கப்பா முப்பது வருசமாத் தறி ஓட்டறாருங்க. எனக்குப் பொண்ணு பாக்கப் போயிருந்தோம். எங் காதுக்கிட்ட வந்து ரகசியமாச் சொன்னாரு, 'சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்றா'ன்னு. உள்ளயிருந்து பொண்ணு கேக்குது, 'எவ்வளவுங்க கூட்டறீங்க?'"

தறிச் சத்தம் பற்றிய விளக்கம் முழுக்கப் போய்விட்டது. வெள்ளகோவிலில் அதைச் சொல்லத் தேவையே இல்லை. முப்பது வருசம் தறி ஓட்டியவர் எப்படிப் பேசுவார் என்று முன் வரிசையில் இருக்கிற ஆத்தாவுக்குத் தெரியும். இதையே கோவையிலோ சென்னையிலோ பேசுவதானால் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரு வரி சேர்த்தாக வேண்டும். ஊர் மாறினால் முன்கதையின் நீளமும் மாறும். இதை நீங்கள் இரண்டு ஊர்களில் பேசிப் பார்த்துத்தான் பிடிக்க முடியும். இனி கார்ட்டர் வருவார். கையை வாய்க்கு மறைத்து, குனிந்து, ரகசியம் சொல்கிற அத்தனை அடையாளத்தோடும் அந்த வரியைத் தொண்டை கிழியச் சொல்ல வேண்டும். பேப்பரில் பாதிதான் இருக்கிறது, மீதி உடம்பில். சிரிப்பு வந்த இடத்திலேயே நின்று இன்னொரு அடி போடவும் இந்தப் புத்தகங்கள் கற்றுத்தரும்: "பொண்ணோட அப்பா அவிங்கம்மா காதுல சொன்னாரு, 'நாம தோட்டத்துல ரெண்டு ஏக்கர் கூட்டிச் சொல்லீர்லாமா'ன்னு. அதும் எங்களுக்குக் கேட்டுதுங்க. அவருந் தறிதான்."

அமெரிக்கப் புத்தகம் கொடுத்தது எலும்பை மட்டும்தான். அப்பா, தறி, பொண்ணு பார்க்கிற வீடு, ஏக்கர் எல்லாம் உங்களுடையது.

அடுத்து நான் சொல்லப்போவது தொல்காப்பியம். பரீட்சைக்குப் படித்து மறந்த புத்தகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக வைத்திருப்பதே நகையை, அதாவது சிரிப்பைத்தான். அது எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு ஊற்றுகளைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரையோடு சேர்த்துப் படியுங்கள். பிறரை எள்ளினாலும் சிரிப்பு வரும், நாம் எள்ளப்பட்டாலும் சிரிப்பு வரும் என்று இரண்டு பக்கமும் பிரித்துக் காட்டுகிறார் அவர். மேடைக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஜூடி கார்ட்டர் சொல்பவனின் உணர்ச்சியைக் கேட்கிறார். தொல்காப்பியம் சொல்லப்படும் ஆளிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. எழுதிய ஒவ்வொரு பிட்டையும், அதாவது மேடையில் பேசும் ஒவ்வொரு துண்டையும், இந்த இரண்டு கேள்விகளிலும் நிறுத்திப் பாருங்கள். மேலே பார்த்த அப்பாவிடம் இருப்பது பேதைமை; தன் குரல் எவ்வளவு பெரிசு என்று அவருக்கே தெரியாது. அவரிடம் இருப்பது பேதைமை என்று உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால், பிட்டை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டுமானால் எந்தத் திசையில் நீட்டுவது என்பதும் தெரிந்துவிடும். தன் குரலின் சத்தம் அவருக்குக் கடைசி வரை தெரியக் கூடாது.

மடனுக்குப் பாடம் வேண்டுமா, பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' நாடகத்தைப் படியுங்கள். அதை வைத்து 1941-ல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த படத்தில் டி.ஆர்.ராமச்சந்திரன் எசமான், காளி என்.ரத்னம் வேலைக்காரன். எசமான் சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கிறான் வேலைக்காரன். அந்த ஒரே ஒரு குணத்திலிருந்து எத்தனை காட்சிகள் கிளைக்கின்றன என்று நாடகத்தைப் புத்தகமாகப் படிக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். திரையில் நடிகர்களின் முகம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். காகிதத்தில் வசனம் தனியாக நிற்கும். வீரமாமுனிவரின் 'பரமார்த்த குரு கதை'யும் இதே வேரில் பிறந்ததுதான். சின்னப் பிள்ளைகள் கதை என்று நினைக்காமல், ஐந்து சீடர்களின் மடத்தனம் ஒவ்வொரு கதையிலும் எப்படிப் படிப்படியாக ஏறுகிறது என்று பென்சில் வைத்துக்கொண்டு படியுங்கள். 1822-லேயே லண்டனில் அச்சான புத்தகம் அது.

பேச்சு மொழிக்கு வருகிறேன். இதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் வீணாகக் கூச்சப்படுகிறீர்கள். மேடை என்றதும் டிவி தொகுப்பாளர் தமிழுக்கு மாறிவிடுகிறீர்கள். அதைச் செய்யாதீர்கள். 1942-ல் வந்த ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலை வாங்கி, அதிலுள்ள உரையாடல்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். கீரனூர்க்காரரான அவர், தோட்டத்துச் சனங்கள் பேசுகிற பேச்சை அச்சில் வைக்க அந்தக் காலத்திலேயே தயங்கவில்லை. நகைச்சுவை நாவல் அல்ல அது, மனத்தைப் பிசைகிற கதை. எனினும் ஒரு சொல்லில் வன்மத்தையும் மரியாதையையும் சேர்த்து வைக்கும் நம் வழக்கு அதில் துல்லியமாக இருக்கிறது. 'ங்க' போட்டுக்கொண்டே எதிராளியை உட்கார வைக்கிற திறமை நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆயுதம் ஒரு காமெடியனுக்கு என்ன வேண்டும்? பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாரு சொல்லி நீங்கள் மறந்த சொற்கள் அதில் கண்ணில் படும். ஒரு சொல் ஒரு முழுச் சம்பவத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவந்துவிடும். வாய்ப்பாடி வா.மு.கோமுவின் கதைகளில் இன்றைய பேச்சும் நக்கலும் கிடைக்கும். வயது வந்தவர்கள் படிக்க வேண்டியவை.

இந்தப் பேச்சு மேடைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாகேஷ் பிறந்தது தாராபுரத்தில், 1933-ல். கவுண்டமணி உடுமலைப் பக்கம் வல்லக்குண்டாபுரம். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு 'கிந்தனார்' காலட்சேபத்தை எழுதிக் கொடுத்த உடுமலை நாராயணகவி பூளவாடிக்காரர். மூன்று ஊர்களும் இன்றைய திருப்பூர் மாவட்டம். கிந்தனாரை 'நல்லதம்பி' படத்தில் தேடிப் பாருங்கள். தீண்டாமைக்கு ஆளான ஒரு பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து வருகிற கதையை, நந்தனார் சரித்திரத்தின் சாயலில் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார் என்.எஸ்.கே. தனியாளாக நின்று ஒரு கூட்டத்தையே பிடித்துவைக்கும் கலை நம் ஊர்க் கவிஞரின் பேனா வழியாக 1949-லேயே திரைக்கு வந்துவிட்டது. கவுண்டமணியின் வீச்சுக்குப் பின்னாலும் எழுத்து உண்டு. கவுண்டமணி-செந்தில் நகைச்சுவைக்கு வசனம் எழுதிய ஏ.வீரப்பனை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டென்று வாயில் வந்ததுபோலத் தெரியும் பேச்சை யாரோ உட்கார்ந்து, அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

வாழ்க்கை வரலாறுகளில் நாகேஷின் வாழ்க்கையைச் சொல்லும் 'நான் நாகேஷ்' முக்கியமானது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிஷம் வந்துபோகும் வேடம் அவருக்கு. தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்தச் சின்ன வேடத்தைத்தான் தனியாகப் பாராட்டிப் பரிசு கொடுத்தார். யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக்கில் ஐந்து நிமிஷம் கிடைத்தால் 'இவ்வளவுதானா' என்று சலித்துக்கொள்கிற தம்பிகள் இதைப் படிக்க வேண்டும். படித்த கையோடு 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் அவர் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை மறுபடி பாருங்கள். இந்தத் தடவை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் கவனியுங்கள். கேட்கிறவர் முகத்தைப் படித்துக்கொண்டே கதையின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி என்பதற்கு அதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

ஔவை தி.க.சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' கொஞ்சம் பெரிய புத்தகம், பொறுமையாகப் படியுங்கள். கலைவாணர் இளமையில் இருந்த குழு சண்முகமும் அவர் சகோதரர்களுமான டி.கே.எஸ். சகோதரர்களுடையது, 1944-ல் ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டியவர்களும் அவர்கள்தான். ஊர் ஊராகப் போய், ஒரே நாடகத்தை வெவ்வேறு சனங்களுக்குப் போட்டுப் பழகியவர்களின் அனுபவம் அதில் நிறைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்டீவ் மார்ட்டினின் 'பார்ன் ஸ்டாண்டிங் அப்' (2007) சின்னப் புத்தகம், நெஞ்சில் தங்குவது. மொத்தம் பதினெட்டு வருஷ ஸ்டாண்ட்-அப் வாழ்க்கையில் பத்து வருஷம் கற்றுக்கொள்ளவே போனது என்று அவரே கணக்குச் சொல்கிறார். ஜெர்ரி சைன்ஃபெல்ட் 1975-லிருந்து எழுதிச் சேர்த்த பிட்டுகளைப் பத்தாண்டு பத்தாண்டாக அடுக்கி 2020-ல் 'இஸ் திஸ் எனிதிங்?' என்று வெளியிட்டார். அதைச் சிரிக்க எடுக்க வேண்டாம். ஒரு பிட்டுக்கு எத்தனை வரி செலவழிக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று மட்டும் பாருங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் சினிமா நகைச்சுவையில் நிறத்தையும் உடம்பையும் சாதியையும் வைத்து அடிக்கிற அடி நிறைய உண்டு. மேடையில் கைதட்டு சீக்கிரம் வாங்க அது சுலபமான வழி. இன்று நம் மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்கள் பேசும் தமிழை நக்கலடித்தால் கூட்டம் உடனே சிரிக்கும். அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் அவர்களும் நின்றுகொண்டிருப்பார்கள். எள்ளலுக்கு இரண்டு பக்கம் என்று பேராசிரியர் பிரித்துக் காட்டியதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். டிரெவர் நோவாவின் 'பார்ன் எ கிரைம்' (2016) படித்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் பிறந்ததே தென்னாப்பிரிக்கச் சட்டப்படி குற்றம் என்றிருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். பல பாஷைகளைப் பேசக் கற்றுக்கொண்டு, எதிரில் நிற்பவர் பாஷையிலேயே பேசி ஆபத்திலிருந்து தப்பியதை எழுதியிருக்கிறார். அதே மாதிரி நீங்களும், ராத்திரி ஷிப்ட் பார்க்கிற பீகார் பையனுடைய கண்ணால் நம் ஊரைப் பார்த்து ஒரு பிட் எழுதுங்கள். நம் பேக்கரியில் 'டீ சொல்லுங்க' என்பதிலிருந்து ஆரம்பித்தாலே போதும், சரக்குக்குப் பஞ்சமிருக்காது.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஜூடி கார்ட்டரே மேடையில் நின்று பேசிய பெண்தான், அதனால் அவர் புத்தகம் உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். மில் ஹாஸ்டல், மொய் நோட்டு, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காபித் தட்டோடு நடக்கிற அந்த இருபது அடி தூரம் இதையெல்லாம் உள்ளேயிருந்து சொல்ல உங்களைவிட்டால் ஆள் கிடையாது. மேலே சொன்ன பொண்ணு பார்க்கிற பிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் சொன்னால் அது முற்றிலும் வேறு பிட், அநேகமாக இன்னும் நல்ல பிட்.

இனி எங்கே கிடைக்கும் என்பது. சம்பந்த முதலியாரின் நூல்களும், அவருடைய 'நாடக மேடை நினைவுகள்' உட்பட, சண்முகத்தின் நூலும் நாட்டுடைமை ஆனவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை. தொல்காப்பியமும் உரைகளும் அங்கேயே கிடைக்கும். மற்றத் தமிழ்ப் புத்தகங்களுக்கு ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போய் வாருங்கள். ஆங்கிலப் புத்தகங்களை ஆளுக்கொன்றாக வாங்காதீர்கள். நாலைந்து பேர் காசு போட்டு டீன் ஒன்று, கார்ட்டர் ஒன்று வாங்கினால் போதும். ஆங்கிலம் சரளமாக வருகிற ஒருவர் ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்து, புத்தகத்தைப் பார்க்காமல் நம் பேச்சில் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். சொல்கிறவருக்கு அதுவே மேடைப் பயிற்சி. அந்த வாரம் முழுக்க அந்த ஒரு அத்தியாயத்தை வைத்து ஆளுக்கொரு பிட் எழுதி, அடுத்த வாரம் பேசிக் காட்டிய பிறகுதான் அடுத்த அத்தியாயம்.

பேசுவதைச் செல்போனில் பதிந்து வையுங்கள். சிரிப்பு வந்த இடத்தையும் வராத இடத்தையும் நோட்டில் தேதி போட்டுக் குறியுங்கள். கோவை ஓப்பன் மைக்குக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். அதற்கு முன்னால் கல்யாண வீட்டு முந்தின நாள் ராத்திரி, காலேஜ் ஆண்டு விழா, கோயில் நோம்பிக்கு நடக்கும் கலைநிகழ்ச்சி என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள்.

முதல் சந்திப்புக்கு 'சபாபதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் எசமானும் வேலைக்காரனுமாக வாய்விட்டுப் படியுங்கள், மற்றவர்கள் சிரித்த இடங்களில் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். படித்து முடித்ததும் எல்லோருடைய கோடுகளையும் சேர்த்து வைத்துப் பேச ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகன்